கொல்ட்ரேனின் முதல் இசைத்தட்டு

1957ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஹக்கன்சக் என்னும் ஊரிலுள்ள ஒரு வீட்டின் முன்னறையிலே இசைவாணர் எழுவர் கூடினர். அவ்வீடு ரூடி வான் கெல்டர் என்பவருடைய பெற்றோரின் இல்லம். வான் கெல்டர் கண் பரிசோதகராகத் தொழில் புரிந்து பொருளீட்டியவர். ஒலிப்பதிவிலே தீராத பற்றுடையவர். பெற்றோர் அமர்ந்து பேசும் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, அடுத்த சிற்றறையிலே தம் கருவிகளை அமைத்திருந்தார். அந்நாளைய ஜாஸ் இசையின் சிறந்த தட்டுகள் பல அந்த அறையிலேதான் பிறந்தன.

அன்று கூடிய எழுவருக்கும் தலைவராக நின்றவர் ஜோன் கொல்ட்ரேன். அவருக்கு அப்போது வயது முப்பது. பிறர் தலைமையிலே பல தட்டுகளில் வாசித்திருந்தவர். ஆனால் தம் பெயரைத் தாங்கிய தட்டு ஒன்று அதுவரை வெளிவரக் காணாதவர். அவரினும் நான்கு ஆண்டு இளையவரான சொனி ரொலின்ஸ் அதற்குள் தம் பெயரில் தட்டுகள் பல வெளியிட்டுப் புகழடைந்திருந்தார். கொல்ட்ரேனுக்கு மட்டும் ஏன் இத்துணைத் தாமதம்? அந்தத் தாமதத்தின் வரலாறே அவருடைய முதல் இசைத்தட்டின் வரலாறும் ஆகும்.

கொல்ட்ரேன் கையாண்ட கருவி சாக்ஸபோன். பெல்ஜிய நாட்டவரான அடோல்ப் சாக்ஸ் அதனை ஆக்கி, 1846இல் பாரிஸ் நகரிலே உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் உடல் பித்தளை. ஒலி பிறக்குமிடமோ வாய்முனையில் பொருத்திய ஒற்றை நாணல் தகடு. நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் அதிர்வதை நேயர்கள் அறிவர். சாக்ஸபோனில் அதிர்வது ஓரிதழே. தென்னாட்டிலே கத்ரி கோபால்நாத் (1949–2019) இக்கருவியைக் கருநாடக சங்கீதத்துக்கு இசைவித்துப் பெரும்புகழ் பெற்றார். சாக்ஸபோன் பல அளவுகளில் உண்டு. அவற்றுள் மனிதக் குரலின் நடுத்தாயிக்கு அண்மையது டெனர். கொல்ட்ரேன் தமக்கெனக் கொண்டது அதுவே.

ஜாஸ் இசையிலே முதலில் ஒரு மெட்டை யாவரும் சேர்ந்து வாசிப்பர். பின்னர் அம்மெட்டின் அடியிலுள்ள சுரக்கூட்டுகளை ஆதாரமாகக் கொண்டு, ஒவ்வொருவரும் முறைமுறையாகத் தம் கற்பனையை விரிப்பர். நம் இசையில் மனோதர்மம் என வழங்குவதனோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். கச்சேரியிலே பக்கவாத்தியக்காரர் எத்துணை வல்லவராயினும் கச்சேரி பாடகருடையதாகவே பேசப்படும். ஜாஸ் தட்டும் அத்தகையதே. பாட்டுகளைத் தெரிவதும், உடன்வாசிப்போரை அழைப்பதும் பெரும்பாலும் தலைவரின் பொறுப்பாகும். வாசிப்பு வெற்றி பெறின் பெயரும் அவருக்கே. தோல்வியுறின் பழியும் அவருக்கே.

கொல்ட்ரேன் 1926ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி வட கரோலைனா மாநிலத்தின் ஹம்லெட் என்னும் ஊரிலே பிறந்தார். வளர்ந்தது அம்மாநிலத்திலுள்ள ஹை பொயின்ற் நகரில். தாய்வழிப் பாட்டனார் கறுப்பின மக்களின் மெதடிஸ்ற் திருச்சபையில் மதிப்புக்குரிய போதகர். தந்தையார் தையற்கலைஞர், ஓய்வு நேரத்தில் வீட்டிலே இசைக்கருவி மீட்டுபவர். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த சில மாதங்களுக்குள் பாட்டனாரும் தந்தையாரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தாயார் வீட்டு வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காக்க நேர்ந்தது. அக்காலத்திலேதான் ஊரார் அமைத்த வாத்தியக் குழுவில் சிறுவன் கிளாரினெற் கையிலெடுத்தான். பின்னர் சாக்ஸபோனுக்கு மாறினான். துயரை வாய்விட்டுச் சொல்லாத பிள்ளை. ஆனால் ஓயாது வாசித்துக்கொண்டே இருந்தான் என்று அவன் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

1943இல் கொல்ட்ரேன் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். தெற்கிலே நிறவேற்றுமைச் சட்டங்களின் கீழ் வாழ்ந்த கறுப்பின மக்கள், வேலையும் மரியாதையும் தேடி வடக்கு நோக்கிப் பெருந்திரளாகச் சென்ற காலம் அது. பிலடெல்பியாவிலே இசைப்பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தனர், எல்லாவற்றுக்கும் மேலாக, இரவும் பகலும் இசையையே பேசும் இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. 1945இல் சார்லி பார்க்கரின் வாசிப்பை நேரிற் கேட்டபோது தமக்குள் ஏதோ ஒன்று தாக்குண்டதாகக் கொல்ட்ரேன் உணர்ந்தார். கடற்படையில் ஓராண்டு பணியாற்றி மீண்ட பின்னர், டிஸி கிலெஸ்பி, ஏர்ல் பொஸ்டிக், ஜோனி ஹொட்ஜஸ் ஆகிய பெரியோரின் குழுக்களில் அடுத்தடுத்து இடம்பெற்றார். இடையிடையே வயிற்றுப்பாட்டுக்காக, மதுச்சாலையின் மேடைமீது நடந்துகொண்டே ஊதிக்காட்டும் வேடிக்கைகளுக்கும் உடன்பட நேர்ந்தது. அதனை அவர் பெரும் இழிவாகக் கருதினார்.

அக்காலத்து ஜாஸ் இளைஞரிடையே ஒரு கொள்ளைநோய் பரவியிருந்தது. அதுவே ஹெரோயின் என்னும் போதைப்பொருள். மாமேதை சார்லி பார்க்கர் அதற்கு அடிமையாயிருந்தார். அவரைப்போல் வாசிக்க விரும்பியோர் பலர் அவரைப்போல் வாழவும் முற்பட்டனர். பார்க்கர் 1955இல் தமது 34ஆவது வயதிலே உடல் நைந்து மாண்டார். அந்நோய் கொல்ட்ரேனையும் பற்றிக்கொண்டது. அதன் காரணமாகவே ஹொட்ஜஸ் குழுவிலிருந்து 1954இல் விலக்கப்பட்டார். மதுப்பழக்கமும் உடன்சேர்ந்தது.

1955இன் பிற்பகுதியிலே மைல்ஸ் டேவிஸ் தமது புதிய ஐவர் குழுவுக்குக் கொல்ட்ரேனை அழைத்தார். அதனாலே நாடெங்கும் அவர் பெயர் அடிபடத் தொடங்கிற்று. அவருடைய வாசிப்பு கரடுமுரடானது, அளவு மீறியது எனக் குறைகூறியோரும் பலர். டேவிஸ் குறைவான சுரங்களாலே பெரும் மௌனத்தை எழுப்புபவர். கொல்ட்ரேனோ ஒரு சுரக்கூட்டில் அடங்கிய அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடத் துடிப்பவர். இந்த மாறுபாடே அக்குழுவின் அழகாயிற்று. ஆயினும் இசையிலே காட்டிய முனைப்பு வாழ்விலே இல்லை. மேடைக்குத் தாமதமாக வருதல், கசங்கிய உடையோடு நிற்றல், வாசிக்கும் இடத்திலேயே கண்ணயர்தல் எனக் குறைகள் பெருகின. டேவிஸும் ஒரு காலத்தில் அதே பழக்கத்திலிருந்து கடும் முயற்சியால் மீண்டவராதலின், அதன் அறிகுறிகளை நன்கறிவார். 1957இன் வசந்தத்திலே அவர் கொல்ட்ரேனைக் குழுவிலிருந்து நீக்கினார்.

முப்பது வயதுடைய ஒருவருக்கு இது பேரிடி. புகழின் வாயிலிலே நின்றவர் வெளியே தள்ளப்பட்டார். இல்லத்திலே மனைவி நயீமாவும் சிறுமியான மகளும் இருந்தனர். கொல்ட்ரேன் பிலடெல்பியாவிலுள்ள தாயாரின் வீட்டுக்குச் சென்றார். ஓர் அறையிலே தம்மை அடைத்துக்கொண்டு, தண்ணீரன்றி வேறொன்றும் உட்கொள்ளாது பல நாள் கிடந்து, போதைப்பழக்கத்தை ஒரேயடியாக விட்டொழித்தார் என்று கூறுவர். குடிப்பழக்கத்தையும் அவ்வாறே துறந்தார். அந்த வேதனை எத்தகையது என்பதை வைத்தியர் அறிவர். அவ்வறையின் கதவுக்கு வெளியே இரு பெண்கள் காத்திருந்தனர்: தாயார் ஒருவர், மனைவி ஒருவர். மனவுறுதி கொல்ட்ரேனுடையது, ஆயினும் அதனைத் தாங்கிய தோள்கள் அவர்களுடையவை. இதனை அற்புதம் என்று மட்டும் கூறுவோர் அவ்விருவரையும் மறந்தவராவர்.

அந்த வசந்தத்திலேயே பிரெஸ்டீஜ் என்னும் இசைத்தட்டு நிறுவனம் கொல்ட்ரேனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பொப் வைன்ஸ்டொக் 1949இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒத்திகைக்கென நாளும் பணமும் ஒதுக்குவது அங்கு வழக்கமன்று. வரவேண்டும், வாசிக்கவேண்டும், ஒரே நாளில் தட்டு முடியவேண்டும். இந்த நெருக்கடியோடுதான் கொல்ட்ரேன் மே 31ஆம் திகதி ஹக்கன்சக் வீட்டின் படியேறினார்.

அவர் உடன் அழைத்துவந்தவர் யாவர்? பியானோவுக்கு இருவர் வந்தனர். தட்டின் முதற்பக்கத்துக்கு ரெட் கார்லண்ட். இரண்டாம் பக்கத்துக்கு மல் வோல்ட்ரன். பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்துக்குப் போல் சேம்பர்ஸ். கார்லண்டும் சேம்பர்ஸும் டேவிஸின் குழுவிலே கொல்ட்ரேனோடு தோள்சேர்ந்து நின்றவர்கள். ஜோர்ஜியா மாநிலத்தவரான சாஹிப் ஷிஹாப் தாழ்குரலுடைய பாரிட்டோன் சாக்ஸபோன் வாசித்தார். இவர்கள் யாவரும் அனுபவமுள்ளோர். ட்ரம்பெட் வாசித்த ஜோனி ஸ்ப்லோன், ட்ரம்ஸ் வாசித்த அல்பேட் ஹீத் ஆகிய இருவருமோ பிலடெல்பியா நகரத்துத் தோழர்கள். நியூ யோர்க் இரசிகர் அறியாத பெயர்கள். ஹீத்துக்கு அன்றுதான் இருபத்திரண்டாவது பிறந்தநாள். ஒலிப்பதிவு ஒன்றில் அவர் வாசித்தது அதுவே முதன்முறை. பின்னாளில் உலகறிந்த தாள வல்லுநராய் விளங்கி 2024இல் மறைந்த ஹீத்தின் இசைவாழ்வுக்கும் அந்நாளே தொடக்கமாயிற்று.

தம் முதல் தட்டிலே பெரும்பெயர்களை மட்டும் சேர்த்துக்கொண்டிருப்பின் கொல்ட்ரேனுக்கு அது பாதுகாப்பாயிருந்திருக்கும். அவரோ தாம் வளர்ந்த நகரத்துத் தோழருக்கும் அந்த வாயிலைத் திறந்துவிட்டார். தமக்கு ஒருமுறை மூடப்பட்ட வாயிலைப் பிறருக்குத் திறந்துவைப்பது பெருந்தகைமை அன்றோ?

தட்டிலே ஆறு உருப்படிகள் உள்ளன. ஏறக்குறைய நாற்பது நிமிட இசை. அவற்றுள் முதலாவது பிலடெல்பியாத் தோழர் கல்வின் மாசி (1928–1972) இயற்றிய 'பக்காய்'. இது அழுகை என்னும் பொருளுடைய அரபுச் சொல். யாருக்கான அழுகை? எமெற் டில் என்னும் சிறுவனுக்கான அழுகை.

சிக்காகோ நகரத்துக் கறுப்பினச் சிறுவனான எமெற் டில், 1955ஆம் ஆண்டு விடுமுறைக்காக மிசிசிப்பி மாநிலத்திலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றான். வயது பதினான்கு. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்னும் குற்றச்சாட்டின் பேரில், ஓகஸ்ட் 28ஆம் திகதி அவனை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று சித்திரவதை செய்து கொன்று, உடலை ஆற்றிலே எறிந்தனர். அவன் தாயார் சவப்பெட்டியை மூடவிடவில்லை. தன் மகனுக்குச் செய்யப்பட்டதை உலகம் காணட்டும் என்றார். ஆயிரக்கணக்கானோர் வந்து கண்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே அடங்கிய யூரிமார் சபை விடுதலை செய்தது. சில மாதங்களின் பின்னர் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, கொன்றது தாங்களே என ஒரு சஞ்சிகைக்குக் கூறினர்.

இச்செய்தி கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு எரியூட்டிற்று. மாசியின் உள்ளத்திலே அது இசையாயிற்று. கொல்ட்ரேனின் முதல் தட்டிலே நேயர் முதலிற் கேட்பது இந்த ஒலமே. சொற்கள் இல்லை. தாழ்ந்து கனத்த முகப்பு; அதன்மீது மூன்று ஊதுகருவிகளும் ஒன்றாக எழுப்பும் இருண்ட மெட்டு; பின்னர் அதனின்றும் பிரிந்து மேலே செல்லும் டெனர் சாக்ஸபோன். அது கோபமா, இரங்கலா என்று பிரித்தறிய இயலாது. தன் சொந்தத் துயரிலிருந்து அப்போதுதான் மீண்ட ஒருவரின் தட்டு, இன்னொரு தாயின் துயரோடு தொடங்குகின்றது.

அதன்பின் வருவது 'வயலற்ஸ் போர் யுவர் பேர்ஸ்' என்னும் மெல்லிய காதற்பாட்டு. 1941இலே பிராங்க் சினாற்றா பாடிப் பரவிய பாட்டு அது. இதிலே ட்ரம்பெட்டும் பாரிட்டோனும் ஓய்ந்துவிடுகின்றன. பியானோ, பேஸ், ட்ரம்ஸ் ஆகியவற்றின் துணையோடு கொல்ட்ரேன் தனித்து நிற்கின்றார். வேகமும் சுரப்பெருக்கும் உடையவர் என்றே அறியப்பட்டவர், இங்கே மெட்டை ஏறக்குறைய அப்படியே வாசிக்கின்றார். ஒவ்வொரு சுரத்தையும் அவசரமின்றி நிறுத்தி, தூய்மையாக ஒலிக்கவிடுகின்றார். அவரை அளவு மீறியவர் எனப் பழித்தோருக்கு இதுவே தக்க விடை. மூன்றாவதான 'டைம் வொஸ்' மெக்சிக்கோ நாட்டு மெட்டொன்றிலிருந்து பிறந்தது. அதிலே வாசிப்பு இலேசான நடையிலே துள்ளிச் செல்கின்றது.

தட்டைத் திருப்பினால் முதலில் வருவது கொல்ட்ரேன் தாமே இயற்றிய 'ஸ்ட்ரெயிற் ஸ்ட்ரீற்'. நேர்த்தெரு என்பது அதன் பொருள். கிறித்தவ வேதத்திலே, பார்வை இழந்த சவுல் தமஸ்கு நகரின் நேர்த்தெரு என்னும் தெருவிலே தங்கியிருந்து பார்வை மீளப் பெற்ற வரலாறு உண்டு. போதகரின் பேரனார் இயற்றிய உருப்படிக்கு அப்பெயர் அமைந்தமை, வேதமறிந்தோருக்கு அவ்வரலாற்றை நினைவூட்டாமற் போகாது. இதிலே சுரக்கூட்டுகள் விரைந்து விரைந்து மாறுகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் வாசிப்பவர் கால் இடறாது செல்லவேண்டும். இத்தகைய கடின வழிகளைத் தாமே அமைத்துத் தாமே கடக்கும் பழக்கம், 1959இல் பதிவாகிய 'ஜயன்ற் ஸ்டெப்ஸ்' என்னும் உருப்படியிலே உச்சம் அடைந்தது.

ஐந்தாவது 'வைல் மை லேடி ஸ்லீப்ஸ்'. 1941ஆம் ஆண்டின் திரைப்படமொன்றுக்கு எழுதப்பட்ட தாலாட்டுப் போன்ற மெட்டு. இதன் முடிவிலே ஒரு வியப்பு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கவல்ல சாக்ஸபோனிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒருங்கே எழுகின்றன. துளைகளை மூடும் முறையையும் உதடுகளின் இறுக்கத்தையும் மாற்றி இதனைச் செய்வர். பியானோ மேதை தெலோனியஸ் மங்க் தமக்கு இதன் வழியைக் காட்டினார் எனக் கொல்ட்ரேன் பின்னர் நன்றியோடு கூறினார். மங்க்கோ சாக்ஸபோன் வாசிப்பவர் அல்லர். ஆயினும் எக்கருவியின் உள்ளும் புகுந்து சிந்திக்கவல்ல ஆசிரியர். பொறுப்பற்றவர் என்று ஒரு குழுவிலிருந்து தள்ளப்பட்ட அதே மாதங்களிலே, கொல்ட்ரேன் மங்க்கின் இல்லத்துக்குச் சென்று மாணவனாய் அமர்ந்தார். ஆறாவதான 'குரொனிக் புளூஸ்' அவருடைய சொந்த ஆக்கம். ஜாஸின் வேரான புளூஸ் வடிவிலேயே தட்டு நிறைவுறுகின்றது.

'கொல்ட்ரேன்' என்னும் ஒற்றைச் சொல்லே தட்டுக்குப் பெயராயிற்று. 1957இன் பிற்பகுதியிலே, பிரெஸ்டீஜ் 7105 என்னும் இலக்கத்தோடு அது வெளிவந்தது. 1962இல் வேறொரு நிறுவனம் இதே பெயரில் அவருடைய பிறிதொரு தட்டை வெளியிட்டமையின், இரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது.

இத்தட்டு அவருடைய தலைசிறந்த படைப்பு எனக் கூறுதல் பொருந்தாது. குழுவின் வாசிப்பிலே ஒத்திகைக் குறைவு சிற்சில இடங்களில் தெரியும். தாம் கண்ட புதிய வழிகளைக் கொல்ட்ரேன் இன்னும் முழுமையாகத் திறந்துகாட்டவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி, அதே ஹக்கன்சக் அறையிலே புளூ நோற் நிறுவனத்துக்காகப் பதிவாகிய 'புளூ ட்ரெயின்' தட்டே பெரும் புகழ் கொண்டது. முன்னதன் ஒளி பின்னதன் பேரொளியிலே மங்கிற்று. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், இடைப்பட்ட மூன்றரை மாதங்களிலே அவர் கடந்த தூரத்தைக் கண்டு வியப்பர். அதற்குக் காரணம் யாது? அக்கோடையிலே நியூ யோர்க் நகரத்தின் பைவ் ஸ்பொற் என்னும் சிறு மதுவிடுதியில், மங்க்கின் நால்வர் குழுவிலே அவர் இரவுதோறும் வாசித்தார். பகல் முழுவதும் பயிற்சி. இரவு முழுவதும் மேடை. மதுவிடுதியிலே நின்று வாசித்தும் மதுவைத் தொடாத மன உறுதி அவருடையது.

1958இன் தொடக்கத்திலே மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் குழுவுக்கு மீண்டும் அழைத்துக்கொண்டார். இடைவெளியின்றிப் பொழியும் அவருடைய வாசிப்பை 'ஒலித் தகடுகள்' என்று விமரிசகர் ஐரா கிற்லர் வருணித்தது அவ்வாண்டிலேதான். 1960இல் கொல்ட்ரேன் தமக்கென ஒரு நிலையான குழுவை அமைத்தார். அவர் நாட்டம் கடல்கடந்தும் சென்றது. ஆபிரிக்க இசையையும் இந்திய இசையையும் ஆழ்ந்து கேட்டார். 1961இல் 'இந்தியா' என்னும் உருப்படியை மேடையேற்றினார். 1965இல் பிறந்த மகனுக்குச் சித்தார் மேதை ரவி சங்கரின் பெயரைச் சூட்டினார். அந்த ரவி கொல்ட்ரேனும் சாக்ஸபோன் கலைஞராகவே விளங்குகின்றார்.

1964 டிசெம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த 'எ லவ் சுப்ரீம்' என்னும் தட்டின் உறையிலே கொல்ட்ரேன் ஒரு கடிதம் எழுதினார். 1957ஆம் ஆண்டிலே கடவுளருளால் தமக்கு ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதென்றும், தம் இசையால் பிறரை மகிழ்விக்கும் பேற்றை அன்று பணிவோடு வேண்டிக்கொண்டதாகவும் அதிலே குறித்தார். அவருடைய முதல் தட்டு அந்த வேண்டுதலின் முதற்பலன் எனக் கொள்ளுதல் தகும்.

1967ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி, ஈரலிற் கண்ட புற்றுநோயால் ஜோன் கொல்ட்ரேன் இறந்தார். வயது நாற்பது. ஹக்கன்சக் அறையிலே முதன்முதலாகத் தலைமையேற்ற நாளிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகளும் நாற்பத்தேழு நாட்களுமே அவருக்குக் கிடைத்தன. உலகம் அவர் பெயரால் போற்றும் இசை பெரும்பாலும் அந்தப் பத்தாண்டின் விளைவு. அதற்கு முந்திய வசந்தத்திலே அவரைக் கண்டோர், திறமையிருந்தும் வீணாய்ப் போனவர் என்று கணக்கை முடித்திருக்கக்கூடும்.

அந்தக் கணக்கு பிழையாயிற்று. ஒரு தாயின் வீடும், ஒரு மனைவியின் பொறுமையும், ஓர் ஆசிரியரின் பியானோவும், தோழர் சிலரின் துணையும், ஓயாத பயிற்சியும் சேர்ந்து அதனைப் பிழையாக்கின. அந்த முதல் தட்டை இன்று சுழலவிடுவோர், பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்காக எழும் அழுகையை முதலிற் கேட்பர். இறுதியிலே, விழுந்தும் எழுந்து நின்ற ஒருவரின் உறுதியான மூச்சைக் கேட்பர்.